மீசை வைத்த அம்மாவும் ஒரு இன்லண்டு கடிதமும்

கைநாட்டு வைக்கும் வாடிக்கையாளரிடம் கடன் பத்திரம் வாங்கும்போது வங்கியில் ஒரு நடைமுறை உண்டு. பத்திரத்தில் உள்ளதை அவருக்குத் தெரிந்த மொழியில் வாசித்துக் காட்டி, விளக்கிச் சொல்லி, அவர் புரிந்துகொண்டார் என்று குறித்த பிறகுதான் பெருவிரல் ரேகை வாங்க வேண்டும். நான் வேலை பார்க்கும் பாவ்நகர் கிளையில் இதை உள்ளூர்க்காரரான கிளார்க் ஒருவர் செய்துவிடுவார். போன மாதம் ஒரு நாள் அவர் லீவு. வேலை என் தலையில் விழுந்தது.

எனக்கு குஜராத்தி எழுத்து தெரியும். தலைக்கோடு போடாத இந்தி எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்களேன். கான்பூரில் நாலு வருஷம் குப்பை கொட்டியவனுக்கு அது பெரிய விஷயம் இல்லை. மொழிதான் இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். காய்கறி வியாபாரம். சகி மண்டல் கடனுக்காக வந்திருந்தார் (நம்ம ஊர் மகளிர் சுய உதவிக் குழுவுக்கு இங்கே அந்தப் பெயர்). பத்திரத்தை என் பக்கம் தள்ளி, "சாஹேப், வாஞ்சி சம்ப்ளாவோ" என்றார்.

ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி எழுத்துக் கூட்டி ஆரம்பித்தேன். இரண்டாவது வரியிலேயே அந்த அம்மா சிரித்துவிட்டார். நான் தப்பாக உச்சரித்த வார்த்தையைத் திருத்திச் சொன்னார். அடுத்த வரியிலும் திருத்தினார். ஒரு இடத்தில் நான் பாதி வார்த்தையில் தடுமாறி நிற்க, மீதியை அவரே முடித்து வைத்தார். பத்து நிமிஷத்தில் இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒரு வழியாக அந்தப் பத்திரத்தைப் படித்து முடித்தோம். எழுத்து என்னிடம் இருந்தது, மொழி அவரிடம் இருந்தது. கடைசியில் மை தொட்டு விரலை வைத்தது மட்டும் அவர்.

"வாஞ்சி சம்ப்ளாவோ" என்றால் "வாசித்துக் கேட்கச் செய்யுங்கள்" என்று அர்த்தம். இதையே நாம் தமிழில் "வாசித்துக் காட்டுங்கள்" என்கிறோம். அவர்கள் காதைச் சொல்கிறார்கள், நாம் கண்ணைச் சொல்கிறோம். இந்த வித்தியாசம் அன்றைக்கு எனக்கு ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. அதே வாரத்தில் வீட்டில் நடந்த இன்னொன்று அதை வேடிக்கையாக இருக்க விடவில்லை.

தீபாவளிக்கு அலமாரியை ஒழித்துக் கொண்டிருந்தோம். என் மகனுக்கு 14 வயது. பழைய ஃபைல் ஒன்றிலிருந்து ஒரு இன்லண்டு கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தான். அவனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது என் அப்பா கோவில்பட்டியிலிருந்து அவன் பெயருக்கு எழுதியது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிறது.

"அப்பா, இது தாத்தா எனக்குத்தானே எழுதியிருக்கார்? படிச்சுக் காட்டுங்க."

படித்துக் காட்டினேன். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மழை பெய்தது, வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்தது, பக்கத்து வீட்டு ஆடு இரண்டு குட்டி போட்டது, நன்றாகச் சாப்பிடு. ஆனால் அப்பா வழக்கமாகப் பொடி எழுத்தில் எழுதுகிறவர். இன்லண்டு லெட்டரில் ஓரத்தில்கூட எழுதி இடத்தை மிச்சம் பிடிப்பார். இந்தக் கடிதத்தில் மட்டும் எழுத்து பெரிசு பெரிசாக, வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு, பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. ஏழு வயதுப் பேரன் தானே படிப்பான் என்று நினைத்து எழுதியிருக்கிறார். இன்றைக்கு வரைக்கும் பேரனால் அதைப் படிக்க முடியவில்லை. என் மகன் தமிழ் பேசுவான். அவன் தமிழைக் கேட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. எழுத்து விஷயத்தில் மட்டும் அவன் அந்தக் காய்கறி அம்மாவின் கட்சி.

மாற்றல், இந்தி மீடியம், ராத்திரி ஒன்பது மணி வரை கிளை என்று என்னிடம் காரணங்களுக்குப் பஞ்சம் இல்லை. எல்லாமே உண்மையான காரணங்கள்தான். இருந்தாலும் மனசு ஆறவில்லை. இதை எங்கள் ஹெட் கேஷியரிடம் சொன்னபோது அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு, "பாவ்நகரில் இருந்துகொண்டு என்னிடம் கேட்கிறீர்களே, கிஜுபாய் பற்றித் தெரியாதா?" என்றார்.

தெரியாது. அதற்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

தக்தேஷ்வர் கோவில் இந்த ஊரின் நடுவில் ஒரு சின்னக் குன்றின் மேல் இருக்கிறது. 1893-ல் மகாராஜா தக்த்சிங்ஜி கட்டியது. அந்தக் குன்றுப் பக்கம்தான் சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வக்கீல் குழந்தைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கிரிஜாசங்கர் பகவான்ஜி பதேகா என்பது முழுப் பெயர். கிஜுபாய் என்றால்தான் இங்கே ஆட்டோக்காரருக்கும் தெரியும்.

1885 நவம்பர் 15-ல் சித்தல் என்ற ஊரில் பிறந்தார். இப்போது அம்ரேலி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த அம்ரேலிக்கு இந்தியக் கல்வி வரலாற்றில் ஒரு இடம் உண்டு. பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் 1893-ல் கட்டாய ஆரம்பக் கல்வியைப் பரீட்சார்த்தமாக ஆரம்பித்தது அம்ரேலி தாலுகாவில்தான். பிறகு 1906-ல் பரோடா சமஸ்தானம் முழுவதற்கும் விரிவாக்கினார். அதாவது பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்து சேர்க்கும் வேலை இந்தப் பக்கத்தில் அப்போதே தொடங்கிவிட்டது. உள்ளே வந்த பிள்ளை என்ன ஆனது என்பது அடுத்த கேள்வி. அன்றைய பள்ளிக்கூடம் என்றால் பிரம்பு, மனப்பாடம், மறுபடி பிரம்பு. இது குஜராத் சமாசாரம் மட்டும் இல்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் அதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை.

கிஜுபாய் 1907-ல் பிழைப்புக்காகக் கிழக்கு ஆப்பிரிக்கா போனார். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து பம்பாயில் சட்டம் படித்து, வத்வான் பக்கம் வக்கீல் தொழில் பார்த்தார். 1913-ல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அங்கேதான் கதை திரும்புகிறது. தான் படித்த மாதிரியான பள்ளிக்கூடத்துக்கு இவனை எப்படி அனுப்புவது என்ற கவலை வந்துவிட்டது. அந்தக் கவலையில் குழந்தைக் கல்வி பற்றி தேட ஆரம்பித்தவர் மரியா மாண்டிசோரியின் எழுத்துகளில் போய் விழுந்தார். 1916-ல் கறுப்புக் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு பாவ்நகர் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் சேர்ந்தார்.

1910-ல் நானாபாய் பட் என்பவர் மாணவர் விடுதியாக ஆரம்பித்த நிறுவனம் அது. பெயரைக் கேட்டதும் எனக்கு ஒரு சிரிப்பு வந்தது. நம் ஊர்க் கோவில்களில் தெற்குப் பார்த்து கல்லால மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் தட்சிணாமூர்த்தி வாயே திறக்காமல் மௌனத்தால் உபதேசம் செய்கிறவர். அவர் பெயர் வைத்த இடத்தில் வந்து சேர்ந்த இந்த மனிதர் வாயை மூடவே இல்லை. 1920-ல் இரண்டரை மூன்று வயதுக் குழந்தைகளுக்காக அங்கே பால மந்திரைத் தொடங்கினார். 1922-ல் தக்தேஷ்வர் குன்றருகே அதற்கென்று அமைந்த கட்டடத்தைக் கஸ்தூர்பா காந்தி திறந்து வைத்தார். அங்கிருந்த குழந்தைகள் கிஜுபாய்க்கு வைத்த பெயர் "மூச்சாளி மா". மீசை வைத்த அம்மா. படத்தில் பார்த்தேன். நிஜமாகவே நல்ல கனமான மீசை.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிஜுபாய் மாண்டிசோரி வழியில் வந்தவர், ஆனால் மாண்டிசோரியின் நகல் இல்லை. மாண்டிசோரி அம்மையார் சின்னக் குழந்தைகளுக்கு மாயாஜாலக் கதைகள் சொல்வதை அவ்வளவாக விரும்பாதவர். நிஜ உலகத்தைத் தொட்டுத் தடவிப் புரிந்துகொள்ளும் வயதில் பேசும் பூனையும் பறக்கும் ராட்சசனும் எதற்கு என்பது அவர் கட்சி. கிஜுபாய் அவரிடமிருந்து சாதனங்களை எடுத்துக்கொண்டார், குழந்தையை அடிக்காமல் மதிக்கும் குணத்தை எடுத்துக்கொண்டார், இந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. கதையை வகுப்பின் நடுவில் கொண்டுவந்து உட்கார வைத்தார். கதை சொல்வதைப் பற்றியே "வார்த்தா நு சாஸ்திர" என்று ஒரு முழுப் புத்தகம் எழுதினார். எந்த வயதுக்கு எந்தக் கதை, எப்படிச் சொல்வது, எதைச் சொல்லக்கூடாது என்று ஒரு தொழில்நுட்பமாகவே பார்த்திருக்கிறார்.

அவர் தொகுத்தும் எழுதியும் வைத்த கதைகளில் ஏழு வால் சுண்டெலிக் கதை குஜராத்தில் எல்லா வீட்டிலும் தெரியும். ஒரு எலிக்கு ஏழு வால். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். அழுதுகொண்டே வந்து ஒரு வாலை வெட்டிக்கொள்கிறது. மறுநாள் ஆறு வால் என்று கேலி. இன்னொன்றை வெட்டுகிறது. இப்படியே போய்க் கடைசியில் வாலே இல்லாமல் நிற்க, அதற்கும் கேலி. அவ்வளவுதான் கதை. பெரியவர்களுக்கு மூன்றாவது வாலிலேயே கொட்டாவி வந்துவிடும். குழந்தைக்கு அங்கேதான் சுவாரசியமே. அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரியும். நாம் சொல்லும் முன்பே அது சொல்லிவிடும். வரும் வார்த்தையை முன்கூட்டி ஊகிக்கிற இந்தப் பழக்கம்தான் பின்னால் புத்தகத்தைப் படிக்கும்போது கைகொடுக்கிறது. என் பத்திரத்தில் பாதி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியை முடித்து வைத்தாரே அந்த அம்மா, அதே வித்தை.

கிஜுபாய் சுமார் 200 புத்தகங்கள் எழுதியிருக்கிறார். 1929-ல் குஜராத்தி இலக்கியத்தின் பெரிய கௌரவமான ரஞ்சித்ராம் சுவர்ண சந்திரக் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த விருது தொடங்கி இரண்டாவது ஆள் அவர். குழந்தைகளுக்கு எழுதுகிறவரை "சிறுவர் பகுதி" என்று ஓரத்தில் உட்கார வைக்காத ஊர் என்பதற்காகவே இந்த ஊருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அவருடைய புத்தகங்களில் நம்மவர்கள் பலர் படித்திருக்கக்கூடியது "திவாஸ்வப்ன". நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகத் தமிழில் "பகல் கனவு" என்று வந்திருக்கிறது. லட்சுமிராம் என்ற ஆசிரியர் தானே சொல்வதாக எழுதப்பட்ட கற்பனை. கல்வி அதிகாரியிடம் கெஞ்சிக் கூத்தாடி நாலாம் வகுப்பு ஒன்றை ஒரு வருஷத்துக்கு வாங்கிக்கொள்கிறார் லட்சுமிராம். முதல் நாள் மௌன விளையாட்டு என்று ஒன்றைப் புத்தகத்தில் படித்த மாதிரியே நடத்தப் பார்க்கிறார். வகுப்பே சந்தைக்கடை ஆகிவிடுகிறது. படுதோல்வி. அடுத்த நாள் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். அவ்வளவுதான், பையன்கள் பெட்டிப் பாம்பு. நடுவில் கதையை நிறுத்தி வருகைப் பதிவு எடுக்கிறார். சத்தமே இல்லாமல் முடிகிறது, ஏனென்றால் அது முடிந்தால்தான் மீதிக் கதை!

இங்கேயே நின்றிருந்தால் இது ஒரு நல்ல கதைசொல்லியின் புத்தகம், அவ்வளவே. லட்சுமிராம் அடுத்து செய்வதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. கதைக்குப் பசி எடுத்த பையன்கள் முன்னால் புத்தகங்களைக் கொண்டுவந்து வைக்கிறார். ஆளுக்கு ஒரு பாடப்புத்தகம் வாங்கும் காசைச் சேர்த்துப் போட்டு வகுப்புக்கு ஒரு கதைப்புத்தக நூலகம் உண்டாக்குகிறார். நேற்று வரை வாத்தியார் வாயிலிருந்து வந்த கதை இதோ இந்தக் காகிதத்தில் இருக்கிறது, உனக்கும் வரும், எடுத்துக்கொள் என்கிறார். காதில் ஆரம்பித்ததைக் கண்ணுக்குக் கொண்டுவந்து விடுகிறார். "சம்ப்ளாவோ"விலிருந்து "காட்டு"வுக்கு.

அந்தப் புத்தகத்தில் அதிகாரிக்கும் சக ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வரும் சந்தேகம் எல்லாமே ஒன்றுதான். கதை சொல்லிக்கொண்டே இருந்தால் பாடத்தை எப்போது முடிப்பது? இன்றைக்கும் பெற்றோர் கூட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள், வார்த்தை மாறாமல் இதே கேள்வி வரும். பிரம்பு ஒழிந்திருக்கலாம். கதையைப் பார்த்து வரும் பயம் ஒழியவில்லை.

கிஜுபாய் வளர்ந்தவர்களையும் விடவில்லை. 1930-ல் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்ட காலத்தில் முதியோர் எழுத்தறிவுக்காக அக்ஷர ஞான் யோஜனா என்ற இயக்கத்தையும் ஆரம்பித்தார். 1936-ல் தட்சிணாமூர்த்தியை விட்டு விலகினார். 1939 ஜூன் 23-ல் பம்பாயில் காலமானார். வயது 53.

அதே 1939 நவம்பரில் மரியா மாண்டிசோரி இந்தியாவுக்கு வந்து இறங்கினார். சென்னை அடையாறுக்குத்தான் வந்தார். யுத்தம் காரணமாக இங்கேயே தங்க நேர்ந்து, கொடைக்கானலிலும் சில காலம் இருந்தார். இன்னும் ஐந்து மாதம் கிஜுபாய் இருந்திருந்தால் இரண்டு பேரும் சந்தித்துக் கதை விஷயத்தில் ஒரு சண்டை போட்டிருக்கலாம். நமக்குக் கொடுத்து வைக்கவில்லை. (சென்னைக்கும் பாவ்நகருக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கு முதல் இந்திய ஆளுநராக 1948-ல் வந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார்சிங்ஜி.)

ஆனால் விதை போய்ச் சேர்ந்துவிட்டது. பாவ்நகரில் 1920-களில் கிஜுபாயோடு சேர்ந்து வேலை செய்தவர் தாராபாய் மோடக். இருவரும் சேர்ந்து 1926-ல் நூதன் பால சிக்ஷண் சங்கத்தை ஆரம்பித்தார்கள். தாராபாய் பின்னால் மகாராஷ்டிரத்தில் போர்டி, கோஸ்பாட் கிராமங்களுக்குப் போனார். பள்ளிக்கு வராத ஏழைக் குழந்தைகளைத் தேடி அவர்கள் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுபோனார். முற்றம் என்றால் அங்கண். அங்கிருந்து வந்ததுதான் அங்கன்வாடி. 1975 அக்டோபர் 2-ல் மத்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தை 33 வட்டாரங்களில் ஆரம்பித்தபோது அந்தப் பெயர் நாடு முழுக்கப் போனது. கோவில்பட்டியில் எங்கள் தெருமுனையில் இருக்கும் அங்கன்வாடியின் வேர் நான் தினமும் ஸ்கூட்டரில் கடந்து போகும் குன்றில் இருக்கிறது என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

கிஜுபாய் அனுபவத்தில் கண்டதை ஆய்வாளர்கள் பிறகு வேறு வேறு வழியில் வந்து தொட்டிருக்கிறார்கள். 1985-ல் அமெரிக்காவில் வாசிப்பு பற்றி ஆராய்ந்த ஒரு குழு, குழந்தை பின்னால் நன்றாகப் படிப்பதற்கு மிக முக்கியமான ஒரே காரியம் அதற்குச் சத்தமாக வாசித்துக் காட்டுவதுதான் என்று அறிக்கை கொடுத்தது. 1986-ல் ஃபிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இருவர் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்தை ஒலியாக மாற்றும் திறன் ஒரு பக்கம், காதால் கேட்டால் மொழி புரிகிற திறன் இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவது வாசிப்பு. கூட்டல் இல்லை என்பதுதான் விசேஷம். இரண்டில் ஒன்று பூஜ்யம் என்றால் விடையும் பூஜ்யம். காமர்ஸ் படித்தவனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது. பத்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த நாங்கள் இரண்டு பேரும் அந்தப் பெருக்கலின் இரண்டு பக்கம். தனித்தனியாக இரண்டு பேருக்குமே விடை வராது.

நம் தமிழுக்கு இதில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. நாம் பேசும் தமிழ் வேறு, எழுதும் தமிழ் வேறு. "வந்துட்டாங்க" என்று கேட்டு வளர்ந்த குழந்தை புத்தகத்தைத் திறந்தால் "வந்துவிட்டார்கள்" என்று இருக்கிறது. எழுத்துக் கூட்டத் தெரிந்தாலும் காதுக்கு அது அன்னியம். அரபு மொழிக்கும் இதே பிரச்சினை உண்டு. இஸ்ரேலில் அரபுக் குழந்தைகளிடம் டினா ஃபைடல்சனும் சக ஆய்வாளர்களும் செய்த ஒரு ஆய்வு 1993-ல் வெளியானது. எழுத்து அரபு மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்குப் புரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த இடத்தில், ஆசிரியைகளை விட்டு எழுத்து அரபியிலேயே கதைகளைத் தொடர்ந்து சில மாதங்கள் வாசிக்கச் செய்தார்கள். கேட்ட குழந்தைகள் கேட்காதவர்களைவிடக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள், நன்றாகத் திருப்பியும் சொன்னார்கள். அதாவது வாய்க்கதை மட்டும் போதாது. புத்தகத்தில் உள்ள மொழி புத்தகத்தில் உள்ளபடியே காதில் விழ வேண்டும். பாட்டி சொன்ன கதை குழந்தைக்குக் கதையைக் கொடுக்கும். புத்தகத் தமிழுக்குக் காது பழக வேண்டுமென்றால் யாராவது உட்கார்ந்து வாசிக்கத்தான் வேண்டும்.

இது ஏதோ வெளிமாநிலத்தில் இருக்கும் தமிழனின் தனிக் கவலை என்று நினைக்க வேண்டாம். அசர் அறிக்கையைப் பாருங்கள். 2005-லிருந்து கிராமப்புறப் பிள்ளைகளை வீடு வீடாகப் போய் வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்பில் இருப்பவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் ஏறக்குறைய பாதிப் பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் சுமார் 43 சதவீதம். 2024-ல் ஏறி மறுபடி சுமார் 49 சதவீதம். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடத்துக்குள் வந்தாகிவிட்டது, அம்ரேலியில் 1893-ல் ஆரம்பித்த வேலை கிட்டத்தட்ட முடிந்தது. கிஜுபாய் எடுத்துக்கொண்ட வேலைதான் பாதியில் நிற்கிறது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் எல்லோரும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று 2021 ஜூலையில் நிபுண் பாரத் திட்டம் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல விஷயம். பாதிச் சுமை வீட்டில் இருக்கிறது என்பதைத்தான் திட்டம் போட்டு யாரும் செய்துவிட முடியாது.

எங்கள் வீட்டில் அந்தப் பாதியை எனக்குச் செய்தவர் என் அப்பா. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து அம்புலிமாமா வாசிப்பார். நான் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வேதாளம் முருங்கை மரம் ஏறுகிற வரை தூங்க மாட்டேன். வாசிக்கும்போது அவர் ஆள்காட்டி விரல் வரிக்குக் கீழேயே ஊர்ந்து போகும். இரண்டு வருஷம் கழித்துத்தான் பள்ளிக்கூடம் போனேன், ஆனால் "வே" என்ற எழுத்து எனக்கு அந்த விரலடியில்தான் அறிமுகம். வாசித்துக் காட்டுவது என்றால் அதுதான். அவர் காட்டினார். நான் என் மகனுக்கு ஒரு நாளும் காட்டவில்லை. அவனுக்குப் பதிலாக வாசித்துக் கொடுத்தேன், அவ்வளவே. ஊரில் இருந்து கடிதம் வந்தால் நான் வாசிப்பேன், கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் வாசிப்பேன், வாட்ஸ்அப்பில் சித்தி ஏதாவது அனுப்பினால் நான் வாசிப்பேன். கிளையில் செய்வதையே வீட்டிலும் செய்திருக்கிறேன். கடைசியில் விரல் ரேகை வாங்காததுதான் பாக்கி.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. மூன்று வாரமாக ராத்திரி கால் மணி நேரம் அவளுக்கு வாசிக்கிறேன். நேஷனல் புக் டிரஸ்ட்டின் சிறுவர் புத்தகங்கள் நாலைந்து இருக்கின்றன. பிரதம் புக்ஸ் 2015-ல் ஆரம்பித்த ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றில் சிலவற்றைக் கிளைக்கு வெளியே உள்ள கடையில் பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன். தினம் கால் மணி நேரம் என்றால் வருஷத்துக்கு 91 மணி நேரம் வருகிறது. ஆர்.டி. கட்டுகிற மாதிரிதான். ஒரு தவணை சின்னது, விட்டால் தெரியாது, விட்டுக்கொண்டே போனால் பதினாலு வருஷம் கழித்து ஒரு இன்லண்டு லெட்டர் வடிவத்தில் தெரியும்.

ஆரம்பத்தில் எனக்கே நாக்கு குழறியது. சத்தம் போட்டுத் தமிழ் வாசித்து எத்தனை வருஷம் ஆயிற்று! இரண்டாம் நாள் "சென்றனர்" என்று வாசித்தேன். "சென்றனர்னா என்ன?" என்றாள். "போனாங்க" என்றேன். "அப்ப ஏன் போனாங்கன்னு போடல?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. ஐந்தாம் நாள் அவளே தன் பொம்மையைப் பார்த்து "யானை சென்றது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் ஒரு வரியைத் தாண்டினால் உடனே பிடித்துவிடுகிறாள். ஆடிட்டர் தோற்றார்.

மகன் முதல் வாரம் காதில் ஹெட்போனோடு அந்தப் பக்கம் படுத்திருந்தான். இரண்டாவது வாரம் ஹெட்போன் இல்லை. கேட்கிறானா என்று நான் கேட்கவில்லை. பதினாலு வயசுப் பையனிடம் அதையெல்லாம் கேட்கக்கூடாது. போன சனிக்கிழமை நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பி வந்தபோது தங்கைக்குப் பக்கத்தில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு வார்த்தையில் நின்றுபோயிருந்தான். பத்திரத்தின் முன்னால் நான் நின்ற மாதிரியே. கதையை ஏற்கெனவே நாலு தடவை கேட்டிருந்த தங்கை அந்த வார்த்தையை முடித்து வைத்தாள். எழுத்து இன்னும் அவளுக்குத் தெரியாது.

நான் உள்ளே போகாமல் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். அடுத்த வரிக்குப் போனார்கள்.

இன்லண்டு லெட்டரை அவன் மேஜைக்கு மேல் எடுத்து வைத்திருக்கிறேன். அதை இனி நான் வாசித்துக் காட்டப்போவதில்லை.